பயள என்றால் என்ன, மிஸ்?

எங்கள் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வந்த நாளிலிருந்து அதற்கு உறை தைத்துப் போட்டு, வெண்கட்டித் தூள் படாமல் காத்து வந்தோம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் உறை கழன்றது.

விஞ்ஞானப் பாடம். நடத்த முன்வந்தவர் எங்களில் மூத்த மிஸ். வீட்டுக் கணினியில் இரவிரவாக இருந்து, படங்களோடு பாடத்தைத் தயாரித்துப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். வயர் செருகும் உத்தியோகம் எனக்கு.

கோப்பைத் திறந்தார். பச்சை இலை பளபளத்தது. மேலே "தாவரம்" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ இருந்தது. முன்வாங்குப் பொடியன் உரத்து எழுத்துக்கூட்டினான்: "ஜே, எச், டீ, யூ, கே..." கடைசியில் நின்ற அரைப்புள்ளியைக் கண்டு திகைத்தான். "மிஸ், இது இங்கிலிஷ் பாடமா?"

பாமினி! யாழ்ப்பாணத்தில் கல்யாண அழைப்பிதழ் முதல் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவு நூல் வரை தட்டச்சாகி வந்த எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றி வைத்த ஏற்பாடு அது. மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைத்த இடம் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் 1991 முதலே தமிழ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பாமினியில் விரல் பழகியவர்களின் வேகத்தைப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் சொல்ல மாட்டேன்.

கணினி ஆசிரியர் பாய்ந்து வந்தார். கைத்தொலைபேசியின் இணையத்தை மடிக்கணினியில் இணைத்து, பாமினியை யூனிகோட்டாக்கும் இணைய மாற்றியொன்றில் பாடத்தைப் போட்டு எடுத்தார். தமிழ் வந்தது. வகுப்பே கைதட்டியது. பின்வாங்கிலிருந்த அதிகாரியும் தட்டினார்.

அடுத்த பக்கத்தில்தான் வில்லங்கம். "தாவரங்கள் வெளிவிடும் வாயு (பயள) எது?"

பிள்ளைகளின் விளக்கத்துக்காக அடைப்புக்குறிக்குள் வாயுவின் ஆங்கிலப் பெயரை மிஸ் எழுதியிருக்கிறார். மாற்றிக்குத் தமிழாவது, ஆங்கிலமாவது, எல்லாமே பாமினி. ஜீ, ஏ, எஸ் மூன்றையும் ப, ய, ள என்று பெயர்த்துத் தள்ளிவிட்டது.

"பயள என்றால் என்ன, மிஸ்?"

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் ஒரு சுட்டிப் பெண் எழுந்து, "ஒட்சிசன் ஒரு பயள, மிஸ்" என்று விடையே சொல்லிவிட்டாள். விடை சரி, எப்படிப் பிழை போடுவது? அதிகாரி குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதியபடி மெல்ல என்னிடம் கேட்டார்: "புதிய பாடத்திட்டத்தில் வந்த சொல்லா, சேர்?"

மிஸ் ஸ்மார்ட் போர்டுக்குப் பக்கத்திலிருந்த கரும்பலகைக்கு நகர்ந்தார். ஒரே இழுப்பில் இலை வந்தது; நரம்புகளும் அம்புக்குறிகளும் வந்தன. மிச்சப் பாடம் மணியடிக்கும்வரை வெண்கட்டியில் நடந்தது. நல்ல பாடம் என்றால் அதுதான் நல்ல பாடம்.

பிறகு அதிபர் அறையில் தேநீரும் வடையும். அதிகாரி மிஸ்ஸை வாயாரப் புகழ்ந்தார். மற்றப் பாடசாலைகளுக்கும் கொடுக்கலாம், கோப்பை அனுப்பிவையுங்கள் என்றார். கணினி ஆசிரியர் உற்சாகமாக, "யூனிகோட்டில் திருத்தி, பீடிஎஃப் ஆகவும் அனுப்புகிறேன், எங்கே திறந்தாலும் எழுத்துக் கலையாது" என்றார்.

அதிகாரி வடையைக் கீழே வைத்தார்.

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம், சேர். பாமினியிலேயே அனுப்புங்கள். எங்கள் கணினியில் அதுதான் ஒழுங்காகத் தெரியும்."