தண்ணீர்த் தொட்டியடிப் பூனைகள்

எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி நிழலில் வாழும் ஒன்பது பூனைகளும், வீடு காலி செய்து போனவர்கள் விட்டுச்சென்ற இரண்டிலிருந்து பெருகியவை. பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும், சுமார் 65 நாளில் குட்டி ஈனும் என்பதை அறியாமல் முதல் ஓராண்டு சோறு மட்டுமே வைத்தேன்; அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கூண்டு வைத்துப் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்வித்து, மீண்டும் தவறிப் பிடித்துவிடாதிருக்க மயக்கத்திலேயே காது நுனியை அடையாளமாகச் சிறிது கத்தரிக்கச் செய்து, பழைய இடத்திலேயே விட்டோம். பிடிப்பதற்கு முந்தைய இரவு உணவு வைப்பதில்லை. பசித்த பூனைதான் மத்தி மீன் வாசனைக்குக் கூண்டுக்குள் நுழையும். பால் வைக்க வேண்டாம் என்று அண்டை வீட்டாரிடம் கெஞ்சுகிறேன், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும். கருப்பி மட்டும் இன்னும் அகப்படவில்லை. அவள் வயிறு மறுபடியும் கனத்திருக்கிறது.