அந்தக் குழாய் இருந்துட்டுப் போகட்டும்

"அந்தக் குழாய எடுக்காத தாயி. இருந்துட்டுப் போகட்டும்."

பொங்கலன்று காலையில் அப்பத்தா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். நான் கதீட்டரின், அதாவது சிறுநீர் வடிய வைத்த குழாயின், பலூனில் இருந்த தண்ணீரைச் சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "விட்டு வச்சா கிருமி ஏறிரும் அப்பத்தா, இன்னைக்கு எடுத்தாகணும்" என்றேன். அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையை எடுத்துப் போர்வைமேல் வைத்துவிட்டுக் குழாயை உருவினேன். அரை நிமிட வேலை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று பொங்கல் வந்து போய்விட்டது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேனா, மொத்தமாகப் பிடித்து எடுத்தேனா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பின் கழுத்து முறிந்து, இடுப்பு மூட்டின் பந்தை மாற்றி வைத்த நோயாளி அவர். எங்கள் வார்டில் 'மூர் போட்ட கேஸ்' என்போம். ஆஸ்டின் மூர் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரில் வழங்கும் உலோகப் பந்து அது. போகிக்கு முதல் நாள் ஆபரேஷன். பொங்கலன்று இரண்டாம் நாள். இந்தக் கேஸ்களில் ஓரிரு நாளில் கதீட்டரை எடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குப் பால பாடம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. வயதானவர்களுக்கு அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்தால் நினைவு தடுமாறும், புதிதாக வைத்த பந்து வரைக்கும் போய்ச் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்த மூட்டைத் திறந்து கழுவிய நோயாளிகளை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆகவே எடுத்தது சரி. இன்று அதே கட்டிலில் அதே அப்பத்தா படுத்திருந்தாலும் எடுப்பேன்.

இப்படி எழுதிவிட்டேன், ஆனால் அது முழு உண்மையா என்று தெரியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மகன் திருப்பூரில் வேலை. கூட இருந்தது மருமகள் மட்டும்தான், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு. குழாயை எடுத்த பிறகு பெட்பேன் வைக்கவேண்டும். மூர் போட்டவர்களுக்குப் பெட்பேன் வைப்பது இரண்டு ஆள் வேலை. கால்கள் இரண்டுக்கும் நடுவே தலையணை இருக்க வேண்டும், கால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகக்கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக்கூடாது, இடுப்பு 90 பாகைக்குமேல் மடங்கக்கூடாது. பின்பக்கமாகத் திறந்து பந்தை வைத்திருப்பதால் தசையும் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையும் ஆறி இறுகும்வரை அங்கே காவல் கிடையாது. மடக்கித் திருப்பினால் பந்து பின்னால் நழுவிவிடும். இதையெல்லாம் மருமகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "சம்மணம் போடக்கூடாது, குத்த வச்சு உக்காரவே கூடாது" என்று அப்பத்தாவிடமும் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் தலையாட்டினார்.

வார்டில் தடுப்பு ஸ்க்ரீன் மூன்றுதான். ஒன்று டிரெஸ்ஸிங் செய்யும் இடத்தில், இன்னொன்றுக்குச் சக்கரம் கிடையாது. அப்பத்தாவின் கட்டிலோ வாசலை ஒட்டி. எக்ஸ்ரேக்குப் போகிற ஆண்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. பொங்கலன்று மதியம் பெட்பேன் வைத்தபோது மருமகள் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் ஆயிற்று, ஒரு சொட்டு வரவில்லை. "படுத்துக்கிட்டே எப்பிடி வரும்?" என்று அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கமில்லை. சாயங்காலம் கொஞ்சம் போனார். நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது.

அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றே நினைக்கிறேன். "தண்ணி குடிங்க அப்பத்தா, குடிக்காட்டி எப்படி?" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட வைதேன் என்பதே சரி. பக்கத்துக் கட்டில் பெண் திரும்பிப் பார்த்தாள். அப்பத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். எனக்கு நைட் டூட்டி. அவனியாபுரத்தில் தை முதல் நாள், பாலமேட்டில் இரண்டாம் நாள், அலங்காநல்லூரில் மூன்றாம் நாள் என்று ஜல்லிக்கட்டு நடக்கும் அந்த மூன்று நாளும் மதுரையில் எலும்பு வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. என்னோடு டூட்டி பார்க்க வேண்டிய சிஸ்டரை ஒன்பது மணிக்கெல்லாம் ஆண்கள் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்கள் வார்டில் 34 பேருக்கு நான் ஒருத்தி, ஓர் ஆயாம்மா. பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனா? இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கும் உண்மைதான்.

பத்து மணிக்கு அப்பத்தாவின் கட்டிலுக்குப் போனேன். அன்று சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் அவரை வாக்கர் பிடித்து எட்டு அடி நடக்க வைத்திருந்தார். முகம் கொஞ்சம் தெளிச்சியாக இருந்தது. என் கையில் ஐ.ஓ. சார்ட், குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் எழுதும் தாள்.

"எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"குடிச்சேன் தாயி. சொம்பு காலி, பாத்துக்க."

சொம்பு காலியாகத்தான் இருந்தது. "ஒண்ணுக்குப் போனீங்களா?" "ம்ம், போனேன்." "எத்தனை தடவ?" "மூணு."

நான் 1200 மில்லி என்று எழுதினேன். சிறுநீர் மூன்று தடவை என்று எழுதினேன். குழந்தைக்குக் கஞ்சி கரைத்ததும் பால் பாட்டில் கழுவியதும் அந்தச் சொம்புத் தண்ணீரில்தான் என்று மருமகள் இரண்டு நாள் கழித்துப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் எனக்காகச் சொல்லவில்லை. வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

1200 என்ற அந்த எண்ணை நான் எங்கிருந்து எடுத்தேன்? அப்பத்தா அப்படி ஓர் அளவைச் சொல்லவே இல்லை. பார்த்தால் யாரும் கேள்வி கேட்காத ஓர் எண். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேஸ் ஷீட்டில் அது அப்படியே இருக்கும்.

விடிகாலை நாலு மணிக்குமேல் இருக்கும். காலை டூட்டிக்கு ஓவர் கொடுக்க எல்லாச் சார்ட்டையும் முடித்துக்கொண்டிருந்தேன். கழிவறைப் பக்கமிருந்து "யாத்தே!" என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. வாக்கர் கழிவறைப் படிக்கு வெளியே நின்றது. அப்பத்தா உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், எப்போதும்போலக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் எலும்பு முறிந்து வந்தபோது அவருடைய பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இப்போது கால் குட்டையாகி, முழங்கால் உள்ளே சாய்ந்து, பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. பந்து நழுவிவிட்டது.

மயக்க மருந்து கொடுத்து வெட்டாமலே உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்த மட்டும் நல்லது. ஆனால் நடந்த எட்டு அடியும் போய், காலில் எடை கட்டி மறுபடி படுக்கை. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கேட்டார், "ராத்திரி கூட யாரு இருந்தது?" எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். முந்தின இரண்டு இரவும் கண்ணே மூடாத பெண், அன்று குழந்தையை அணைத்தபடி தரையில் தூங்கிப்போயிருந்தாள். அவளுக்கு நல்ல திட்டு விழுந்தது. நான் பக்கத்தில் ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தேன். "நான் பாத்திருக்கணும் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது மெமோவுக்குப் பயந்தேன் என்று நினைத்திருந்தேன். மெமோ கொடுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. வேறு எதற்கோ பயந்திருக்கிறேன்.

எடை கட்டிய பிறகு திரும்பவும் கதீட்டர் போட வேண்டியிருந்தது. போட்டது நான்தான். அப்பத்தா கூரையைப் பார்த்தபடி, "இப்பவாச்சும் போட்டியே தாயி" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நிம்மதியோடு சொன்னார்.

அன்றைக்கே கேட்டுவிட்டேன். "ஏன் அப்பத்தா என்னையக் கூப்பிடல? ஆறு கட்டில் தள்ளித்தான உக்காந்திருந்தேன்."

"பாத்தேன் தாயி. நீ எழுதிக்கிட்டு இருந்த."

எதை எழுதிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "அந்நேரம்தான் எப்பவும் நான் எந்திரிக்கிறது. கோழி கூப்பிடங்குள்ள கம்மாக்கரைக்குப் போயிட்டு வந்துருவோம்." அவர் ஊரில் பெண்கள் விடிவதற்குள் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குப் போய் வந்துவிட வேண்டும். அப்புறம் பொழுது அடைந்த பிறகுதான். நடுவில் முட்டினாலும் அடக்க வேண்டும். அடக்க முடியாதென்றால் குடிக்கக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தானாம். ஐம்பது அறுபது வருடமாக உடம்பைப் பழக்கி வைத்திருக்கிற ஒருவரைத்தான் 'சொன்னால் கேட்காத கிழவி' என்று நான் நினைத்திருக்கிறேன். இரண்டு நாள் குழாய் இருந்தபோது சொம்பு சொம்பாகக் குடித்தார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. யாரையும் கூப்பிட வேண்டாம், எதையும் விலக்க வேண்டாம். அந்த இரண்டு நாள்தான் தாகத்துக்குக் குடித்திருக்கிறார். அதனால்தான் கையைப் பிடித்தார்.

இப்படி நினைக்கும்போதே இன்னொன்றும் வருகிறது. இந்த அவஸ்தை எனக்குத் தெரியாததா? அன்று ராத்திரி எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்ததிலிருந்து நானும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வார்டை விட்டுப் போக ஆள் இல்லை. என் வேலையில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு உண்டு. என் உடம்பில் தெரிந்த விஷயம் அவர் உடம்பில் ஏன் தெரியாமல் போயிற்று?

குழாய் இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் அவர் குத்தவைத்திருக்க மாட்டார் என்று சொல்லமுடியுமா? முடியாது. என்றைக்கு எடுத்திருந்தாலும் நாலு மணிக்கு எழுந்திருப்பார். அப்படியானால் தவறு குழாயில் இல்லை. எடுத்தால் எங்கே, எப்படிப் போவார் என்று கேட்காமல் எடுத்ததில் இருக்கிறது. வார்டில் இரண்டு கமோடு நாற்காலி இருந்தன. ஒன்றைத் தள்ளிக்கொண்டுவந்து, ஸ்க்ரீனைப் பிடுங்கி வைத்து, நாலு மணிக்கு நானே எழுப்பியிருந்தால்? அதற்கு நாலு மணி என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 34 பேரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா? தெரியவில்லை. இப்போது கேட்கிறேன். "ஊர்ல எந்நேரம் போவீங்க?" என்று கேட்டால் சில பாட்டிகள் வெட்கப்படுகிறார்கள். எல்லோரிடமும் கேட்டு முடிவதில்லை, நேரம் இல்லை.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். போன மாதம் பேரையூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் அதே மாதிரி, "இருக்கட்டுமே" என்றார். கமோடு நாற்காலி இரண்டும் வேறு கட்டில்களில் இருந்தன. டாக்டரிடம் கேட்டு ஒருநாள் விட்டுவைத்தேன். மறுநாள் எடுத்தேன். நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது, சிறுநீர்த் தொற்று. மாத்திரையில் சரியாகிவிட்டது. அந்த ஒருநாளால்தான் வந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது. எனக்கு மட்டும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்பத்தா ஆறு வாரம் கழித்து ஓ.பி.க்கு வந்தார். வாக்கர் பிடித்து, மருமகள் பின்னால் வர, மெதுவாக நடந்தே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, கீழே வாளி வைத்து, மாட்டுக்கொட்டகை ஓரம் தார்ப்பாய் மறைப்புக் கட்டியிருப்பதாக மருமகள் சொன்னாள். டிஸ்சார்ஜ் அன்று நான் சொல்லிக்கொடுத்தது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

"தண்ணியெல்லாம் நல்லாக் குடிக்கிறீங்களா அப்பத்தா?"

"குடிக்கிறேன் தாயி."

உதடு வெடித்திருந்தது. மேசைமேல் இருந்த என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் பாட்டிலையும் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வீட்ல போய்க் குடிச்சுக்கிறேன். ஆரப்பாளையம் போயி பஸ் ஏறணும்ல."