டைகர் (இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி) சக்கரங்கள், 1/35 பிளாஸ்டிக் மாதிரி

மார்ச் 4
உதிரிகள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து சக்கரங்களை வெட்டி எண்ணியாயிற்று. அச்சுக்கு மூன்று சக்கரத் தட்டு, பக்கத்துக்கு எட்டு அச்சு, ஆக 48. நிப்பரை (வெட்டும் குறடு) விளிம்போடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவ வேண்டும். ஒட்ட வெட்டினால் ரப்பர் விளிம்பு பிய்ந்து பள்ளமாகும். வட்டத்தில் விழுந்த பள்ளம் புட்டி வைத்தாலும் கண்ணில் படும்.

மார்ச் 5
வார்ப்பில் சக்கரத்தைச் சுற்றி விழுந்த கோட்டைத் தேய்க்கும் வேலை. பன்னிரண்டு முடிந்தது.

மார்ச் 6
இன்றும் அதே கோடு. பல்குச்சியில் சக்கரத்தைச் செருகி, 600 உப்புத்தாளைச் சின்னக் கட்டையில் ஒட்டி, கையால்தான் உருட்ட வேண்டும். டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் வேலை ஓடும், ஆனால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி விளிம்பு வழிந்துவிடும். அசல் சக்கரம் 800 மி.மீ., இங்கே 22.9 வரவேண்டும். ஒன்று 22.5க்கு இறங்கிவிட்டது. உள்வரிசைக்கு ஒதுக்கியாயிற்று. மனசு ஆறவில்லை.

மார்ச் 8
சஸ்பென்ஷன் கைகள், சக்கரங்களை உடலோடு இணைப்பவை. டைகரில் ஒரு பக்கத்துக் கைகள் முன்னோக்கியும் மறுபக்கத்தவை பின்னோக்கியும் இருக்கும். ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரு பக்க முறுக்குத் தண்டுகளும் அடித்தளத்தில் அடுத்தடுத்துக் குறுக்கே கிடப்பதால் அப்படி. பக்கம் மாற்றி ஒட்டினால் எல்லாம் முடிந்தது. ஒட்டும் முன் மூன்று முறை பார்த்தாயிற்று.

மார்ச் 9
மூன்றாவது அச்சு தரையில் படவில்லை.

மார்ச் 10
கண்ணாடிப் பலகையில் உடலை வைத்து, 0.2 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் நுழைத்துப் பார்த்தேன். மூன்றாவதில் மட்டும் தடையே இல்லாமல் போகிறது. கையின் முளையைத் துளையில் பிடிக்கும் சின்னப் பல்தான் காரணம். அதைச் சீவி, மெல்லிய பசை ஒரு சொட்டு விட்டு, எட்டுக் கைகளின் முனையிலும் இரும்பு ஸ்கேலை வைத்துக் கட்டி, மேலே பாரம் ஏற்றியிருக்கிறது. நாளை வரை தொடக் கூடாது.

மார்ச் 11
படுகிறது! பட்டை எதற்கடியிலும் நுழையவில்லை.

மார்ச் 12
வண்ணம். முதலில் சக்கரம் முழுக்க தாமியா வண்ணம் எக்ஸ்எஃப்-85, ரப்பர் கறுப்பு. காய்ந்த பிறகு வட்டத் துளை அளவுகோலை ரப்பர் மேல் படிய வைத்து, நடுவில் எக்ஸ்எஃப்-60 மஞ்சள். ஏர்பிரஷ் நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் வண்ணம் விளிம்புக்கடியில் ஊர்ந்துவிடும். துளை அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் கோடு போய்விடும். ரப்பரும் இரும்பும் சேரும் இந்தக் கோட்டில்தான் சக்கரத்துக்கு உயிர் வருகிறது. இந்த வண்டி 1943 ஜூலை, ரஷ்யாவின் கூர்ஸ்க் போரில் இருந்தது போல. மஞ்சளின் மேல் உருமறைப்புக்கான பச்சையும் பழுப்பும் களத்தில் பசையாக வந்து, கரைத்துத் தெளிக்கப்பட்டவை. கொஞ்சம் ரப்பரிலும் தெறித்திருக்கும். வெளித் தட்டுகளில் இரண்டுக்கு மட்டும் அப்படி விட்டிருக்கிறேன்.

மார்ச் 13
22.5 சக்கரம் இன்னும் உறுத்துகிறது.

மார்ச் 14
57 டன் எடையில் ரப்பர் பிய்ந்துகொண்டே இருந்தது. 1944 பிப்ரவரி முதல் அச்சுக்கு இரண்டே தட்டு, இரும்பு விளிம்பு, ரப்பர் உள்ளே போய்விட்டது. இந்த வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதனால் ரப்பரில் தழும்பு வேண்டும். புதிய கத்தி முனையால் குறுக்காகச் சின்ன வெட்டு, சில இடத்தில் சில்லு எடுத்தது, அவ்வளவே. பக்கத்துக்கு நான்கு சக்கரம் போதும். எல்லாவற்றிலும் போட்டால் எலி கடித்த மாதிரி இருக்கும்.

மார்ச் 15
உள்வரிசைகளை அழுக்கேற்றி முடித்த பிறகே வெளித் தட்டுகளை ஒட்ட வேண்டும், பிறகு தூரிகை உள்ளே போகாது. அசலிலும் வெளித் தட்டுகள் கழற்றத் தக்கவை: ரயிலில் ஏற்ற 725 மி.மீ. சங்கிலிப் பட்டையை எடுத்து 520 போடும்போது அவற்றைக் கழற்றுவார்கள். பதினாறும் தனியாக டப்பாவில். அச்சுமூடி ஓரம் எண்ணெய்க் கசிவு, நடுவிலிருந்து வெளியே ஓடும் இழையாக, மேலே தூசிப்பொடி ஒட்டியது. ஈரம் காயும் முன் பொடி போட வேண்டும்.

மார்ச் 16
சங்கிலிப் பட்டை, பக்கத்துக்கு 96 கண்ணி. கண்ணிக்கு இரண்டு கொம்பு, தட்டுகளின் இடைவெளியில் ஓட வேண்டும். இடப்பக்கம் சுற்றியாயிற்று. வலப்பக்கம் ஒரு கொம்பு தட்டுகிறது. மூன்றாவது அச்சில்.