மூன்று மணிக் கூட்டமும் இலை எடையும்

2025 மே கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிப் பக்கம் குடிவந்தோம். வீட்டுக்காரருக்கு இங்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை. மலையேற அதைவிட மோசமான வாரம் கிடைத்திருக்காது. அந்த வருஷம் கேரளாவில் மே 24-ஆம் தேதியே பருவமழை தொடங்கிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் நீலகிரிக்கு ரெட் அலர்ட். சாமான்களைத் தார்ப்பாய்க்குள் கட்டிப் போட்டுவிட்டு, தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜூன் 2 பள்ளி திறப்பு. மகளுக்கு மூன்றாம் வகுப்பு.

எங்கள் பகுதியில் இருப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், நாற்பது பிள்ளைகள். சேர்க்கையில் சிரமம் இருக்காது என்றுதான் நினைத்தேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி. மூன்றும் கையில் இருந்தன. ஹெச்.எம். டீச்சரும் அன்றைக்கே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். ஆனால் எமிஸ் என்று ஒன்று இருக்கிறதே! அரசின் கணினிப் பதிவில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும், அப்புறம்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளியில் டி.சி. எழுதிக் கொடுத்தார்களே தவிர, இதைச் செய்யவில்லை. போன் செய்தால் "நாளைக்குப் பண்றோம்" என்பார்கள். அந்த நாளை வர மூன்று வாரம் ஆனது. அதுவரை என் மகள் வகுப்பில் இருந்தாள், கணக்கில் இல்லை. இடம் மாறுகிறவர்கள் டி.சி. வாங்கும்போதே அங்கேயே நின்று "எமிஸில் விடுவிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் வாரத்தில் இன்னொரு கூத்து. மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் அரும்புல இருக்கேன்" என்றாள். பக்கத்து வீட்டுப் பையன் அதே வகுப்பு, அவன் மலரில் இருக்கிறானாம். புதுசாக வந்த பிள்ளை என்று கீழே தள்ளிவிட்டார்கள் என நான் கோபமாகப் போய் நின்றேன். டீச்சர் சிரிக்கவில்லை, நல்லவேளை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை இப்போது எந்த அளவுக்கு வாசிக்கிறதோ அதற்கேற்ற நிலையில் பயிற்சி கொடுக்கிறார்கள், வகுப்பு மாறாது. "உங்க பொண்ணு கணக்குல மலர்தான், தமிழ் வாசிக்கத்தான் திணறுறா" என்றார். அது எனக்கே தெரிந்த விஷயம்தான். யாராவது வெளியிலிருந்து சொல்லும்போது கேட்கக் கஷ்டமாக இருந்தது.

தன்னார்வம் என்று பெரிய எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. சீருடைதான் இழுத்துவிட்டது. இலவசச் சீருடை வந்தபோது பாதிப் பிள்ளைகளுக்குத் தொளதொள என்று தொங்கியது. மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், ரெயின்கோட், ஷூ எல்லாம் அரசே தருகிறது. ஸ்வெட்டர் பெரிதாக இருந்தால் மடித்து விட்டுக்கொள்ளலாம், கால்சட்டை நழுவினால் பிள்ளை எப்படி ஓடும்? ஒரு சனிக்கிழமை மெஷினைத் தாழ்வாரத்தில் போட்டேன். இடுப்பைப் பிடித்தேன், கையைக் குறைத்தேன், வளர்வார்கள் என்று உள்ளே துணி விட்டு மடித்தேன். தைத்த துணியை வாங்கிப்போக வந்த பாட்டிகளிடம்தான் இந்தப் பள்ளியைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். ஆம், பாட்டிகள். பல பிள்ளைகளின் அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், பிள்ளைகள் இங்கே. பள்ளி வாட்ஸப் குழுவில் வரும் செய்தியைத் திருப்பூரில் ஒருவர் படிப்பார், இங்கே பிள்ளையைக் கிளப்புகிற பாட்டிக்கு அது தெரியாது.

ஜூலையில் ஹெச்.எம். டீச்சர் கூப்பிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் இடம் காலி என்றார். குழு 2024 ஆகஸ்டில் அமைத்தது, இரண்டு வருஷத்துக்கு. ஒரு உறுப்பினரின் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டான். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். காகிதத்தில் எங்கள் குழுவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நான் போன முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. ஒரு கடைக்காரர், ஒரு ஆட்டோக்காரர், வீட்டில் இருக்கும் நாங்கள் சிலர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். "தொழிலாளிங்களுக்கு அக்கறையே இல்லைங்க" என்று கடைக்காரர் சொன்னார். நானும் தலையாட்டினேன், அதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் துணி வாங்க வந்த ஒரு அக்காவிடம், "ஏங்க்கா கூட்டத்துக்கு வரல?" என்று கேட்டேன். "சாயங்காலம் இலை எடை இருக்குது கண்ணு. பாதியில எறங்கி வந்தா கிலோ கொறையும். அன்னைக்குக் கூலியில கை வைப்பாங்க. நீயே சொல்லு, வருவமா?" என்றார். காலையிலிருந்து கொழுந்து பறித்து, முதுகில் கூடையோடு சரிவில் நின்றுவிட்டு, எடைக்கு முன்னால் கையெழுத்துப் போட யார் வருவார்கள்? நேற்றுத் தலையாட்டியதை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

நேரத்தை மாற்ற முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். அது மேலிருந்து வருவது, கூட்டத் தீர்மானத்தைச் செயலியில் ஏற்ற வேண்டும், தன் கையில் இல்லை என்றார். சரி, கூட்டத்தை நகர்த்த முடியாவிட்டால் பேச்சையாவது முன்னால் வாங்கிவிடலாம் என்று தோன்றியது. தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக் குழாயடியில் அன்றைக்குத்தான் எல்லாரும் துணி துவைப்பார்கள். மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு அங்கே போய் உட்கார்ந்தேன். முதல் தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. வட்டி வசூலுக்கு வந்தவள் என்று ஒருவர் நினைத்தாராம்! இரண்டாம் தடவை ஊசி நூலும் கொண்டுபோனேன், பித்தான் தைத்துக் கொடுத்தபடி கேட்டேன். அப்புறம் எழுதக் கை போதவில்லை.

அந்த நோட்டில் அதிகம் வந்தது கரடிதான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடிக்கு எண்ணெய் வாசனை போதும், கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயை நக்கும், ரேஷன் கடைக் கதவை உடைக்கும். லைனிலிருந்து பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறார்கள். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது கரடியா காட்டுமாடா பாறையா என்று தெரியாது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் தூரமென்றால் போக்குவரத்து, வழித்துணை வசதி கேட்கலாம். இது குழுவில் யாருக்கும் தெரியாமல் இல்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் நோட்டைப் பார்த்துப் படித்தேன். தீர்மானம் ஏறியது. அன்றைக்குச் சிக்னல் கிடைக்காமல் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்ததும் அதில் சேர்த்தி.

வண்டி இன்னும் வரவில்லை. அதுவரை நாங்களே முறை போட்டுக்கொண்டோம். காலையில் லைனிலிருந்து இரண்டு பேர் பிள்ளைகளோடு நடக்க வேண்டும், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தோட்டத்துக்குப் போகிறவர்களை இதில் சேர்க்கவில்லை. பாட்டிகளும் நானும் ஆட்டோக்காரரும். கடைக்காரரும் செவ்வாய்க்கிழமை வருகிறார், அவரிடம்தான் நல்ல டார்ச் இருக்கிறது. படுக மொழி மட்டுமே பேசும் ஒரு பாட்டி இருக்கிறார். வழி முழுக்கப் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வருவார். என் மகள் தமிழ் வாசிப்பில் மொட்டுக்கு வருவதற்குள் படுக மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நடந்து போவதில் இன்னொரு லாபம், காலை உணவு நேரத்துக்குப் பள்ளியில் இருப்பேன். 2022-இல் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். சமைப்பவர் சுய உதவிக் குழு அக்கா, அவர் மகனும் இங்கேதான் படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ருசி பார்க்க வேண்டும் என்பதை முதலில் சடங்காக நினைத்தேன். ஒருநாள் கிச்சடி வாயில் வைக்க முடியாத குளிர்ச்சி. லைன் பிள்ளைகள் மழையில் தாமதமாக வர, குண்டானைத் திறந்தே வைத்திருந்தார்கள். மூடி போட்டு, கடைசிப் பிள்ளை வந்தபின் பரிமாறச் சொன்னேன். அக்காவுக்கு என்மேல் ஒரு வாரம் வருத்தம். புதுசாக வந்தவள் அதிகாரம் பண்ணுகிறாள் என்றாராம். அவர் பாவாடைக்கு நாடா கோர்த்துக் கொடுத்துச் சமாதானம் ஆனோம்.

எண்ணெய் விஷயமும் அவர்தான் சொன்னார். சமையலறைக் கதவு பழைய பலகை, ஒரு உதை தாங்காது. ராத்திரி எண்ணெயை அங்கே வைக்கக் கூடாது என்று பேசினோம். யார் வீட்டுக்கும் எடுத்துப்போகக் கூடாது, அது பொதுச் சாமான். கடைசியில் ஹெச்.எம். அறையில் இருக்கும் இரும்பு பீரோவில் ஒரு தட்டு ஒதுக்கினார்கள். தினமும் சாயங்காலம் டின் அங்கே போகிறது, காலையில் வெளியே வருகிறது. வருகைப் பதிவேடு எல்லாம் இப்போது கடலை எண்ணெய் வாசம் அடிக்கிறது. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்து கரடிப் பக்கத்தைக் காட்டினேன்.