படுக்கும் முன்பே கையில் இருக்க வேண்டிய அட்டை

மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பி.எஃப். பென்ஷன் மருந்துக் கடைக்கே பத்தாது. அதனால் வேலையை விட்ட கையோடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு அலைய ஆரம்பித்தேன். "நல்லாத்தானே இருக்கோம், இப்ப என்ன அவசரம்?" என்று என் மனைவி கேட்டார். நடக்க முடிகிறபோதுதான் இந்த அலைச்சலெல்லாம் முடியும் என்றேன்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்துத் தாசில்தாரிடம் போகும். நம் ஊரில் இதற்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். சம்பா அறுவடை சமயத்தில், கொள்முதல் நிலையத்தில் நெல் போட நிலத்துக்கான சிட்டா, பயிருக்கான அடங்கல் கேட்டு ஊரே வி.ஏ.ஓ. வாசலில் நிற்கும். நான் ஆடியில் போனேன். விசாரித்து எழுத அவருக்கும் அவகாசம் இருந்தது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பிறகு இழுத்தடிக்கும்.

விளமலில் இருக்கிற திருவாரூர் கலெக்டர் ஆபீசில்தான் பதிவு. இருவரும் நேரில் போனோம். எனக்கு உடனே முடிந்தது. மனைவிக்குக் கைரேகை விழவே இல்லை. நாற்றுப் பறித்து, நடவு நட்டுத் தேய்ந்த விரல்கள். கட்டைவிரலை வைத்தால் இயந்திரம் சிவப்பு காட்டியது. அங்கிருந்த பெண் சலித்துக்கொள்ளவில்லை. ஈரத்துணியால் விரல்களைத் துடைத்துவிட்டு, "அழுத்தாதீங்கம்மா, சும்மா வைங்க" என்று ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். கடைசியில் இடது கை மோதிர விரலில் பச்சை எரிந்தது. இதையே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துச் செய்திருந்தால் எங்கள் நிலைமை என்ன? வயல் வேலை பார்த்தவர்கள் ஆதாரில் செல்போன் எண்ணை அவசியம் இணைத்து வையுங்கள். ரேகை விழாவிட்டால் அது கைகொடுக்கும்.

பிறகு எனக்கு நெஞ்சுவலி வந்தது. மன்னார்குடி அரசு மருத்துவமனையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அட்டை இருந்ததால் காப்பீட்டுப் பிரிவில் ஒப்புதல் வாங்கி இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கையை விட்டுப் பெரிதாக எதுவும் போகவில்லை.

மனைவிக்குப் பித்தப்பைக் கல் வந்தபோதுதான் இன்னொரு பாடு. திட்டத்தில் சேர்ந்த ஒரு தனியார் மருத்துவமனை. ஒப்புதல் வந்து, மறுநாள் ஆபரேஷன் என்ற நிலையில், "உபகரணத்துக்குத் தனியாகக் கட்டணும் சார்" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் விதி. "சரி, எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்றேன். யாரும் எழுதித் தரவில்லை. அங்கேயே நின்று 1800 425 3993 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொன்னேன். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. ஏழைகளிடம் இப்படிக் கேட்பது பெரிய அநியாயம். தாலியை அடகு வைத்துக் கட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையெழுத்துக் கேட்பார்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். என்ன சிகிச்சை, எவ்வளவு தொகை என்று படித்துவிட்டுப் போடுங்கள். இந்தத் திட்டத்தில் சிகிச்சைக்குக் கிடைக்கும் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்பது ஆளுக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. செய்யாத சிகிச்சைக்கு யாரோ எழுதிக்கொண்டால் குறைவது நம் பணம். இலவச முகாம் என்று வந்து, அட்டையைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பவர்களிடம் அதனால்தான் நான் கொடுப்பதில்லை. ஜெராக்ஸ் கேட்டால், எதற்காக என்று அதன் மேலேயே எழுதித் தேதி போட்டுக் கொடுக்கிறேன்.

2018-ல் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஓடு பறந்த வீடுகளில் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் ஊறிப் போயின. இப்போது எங்கள் வீட்டில் எல்லாக் கார்டும் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், பரண் மேல் அல்ல, பீரோவில். இந்த அட்டையைத் திட்டத்தின் இணையதளத்திலிருந்தும் பதிவிறக்கிக்கொள்ளலாம். மகள் தன் போனில் ஒரு நகல் வைத்திருக்கிறாள். நள்ளிரவில் நம்மை ஆட்டோவில் ஏற்றுகிறவர்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"உங்க கார்டு காலாவதியாகுது, ஓடிபி சொல்லுங்க" என்று எனக்கும் போன் வந்தது. பேசாமல் வைத்துவிட்டேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கிறது. பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் திறக்க வேண்டும். அந்தச் சிரமம் ஒத்துவருகிறவர்கள் பூட்டிக்கொள்ளலாம். ஆதார் சந்தேகங்களுக்கு 1947, அங்கே தமிழிலேயே பேசலாம்.