தையல் ஆசிரியர் பயிற்சி குறித்து

தமிழ்நாட்டில் பள்ளித் தையல் ஆசிரியராக விரும்புவோர், அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தேறியபின், கோடை விடுமுறையில் நடைபெறும் 42 நாள் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். நன்றாகத் தைப்பவரை நல்ல ஆசிரியராக்க இந்தக் காலம் போதுமா என்பது என் நெடுநாள் கவலை. பள்ளிகள் மூடியிருக்கும் மாதத்தில், உண்மையான வகுப்பில் பாடம் நடத்திப் பார்க்கும் வாய்ப்பும் குறைகிறது.

இரண்டு மூன்று தையல் மெஷின்களே உள்ள அறையில் நாற்பது பிள்ளைகளுக்கும் வேலை கொடுப்பதும், இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு எதிரே அமர்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவள் பின்பற்றும்படி ஓட்டுத் தையலைப் போட்டுக்காட்டுவதும் தனியே பயில வேண்டியவை. துணியைப் பற்றிய அறிவும் அப்படித்தான்: கைத்தறித் துண்டு ஒன்றைப் பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) வாக்கில் இழுத்தால் அது அவ்வளவாக நீளாது, மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக நீளும் என்பதைப் பிள்ளைகள் தம் கையாலேயே உணர்ந்துவிட்டால், ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது மூலைவாட்டில் வெட்டும் பட்டி, வெட்டுவதன் காரணத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பணியில் சேர்ந்தபின் பழகிக்கொள்ளலாம் என்றால், 2012இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேரத் தையல் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள்களே பணி இருந்தது. ஆகவே, பயிற்சியின் ஒரு பகுதியையேனும் பள்ளி நடக்கும் மாதங்களுக்கு மாற்ற வேண்டும் எனக் கல்வித்துறையை வேண்டிக்கொள்கிறேன்.