23ஆம் போர்ட்

2025 ஜூன் 9, திங்கள்
ஹாஸ்டல் திறக்க 14 நாள். அதற்குள் வளாக வலையின் கோர் ஸ்விட்ச் (மற்ற ஸ்விட்சுகள் வந்து சேரும் நடுப்பெட்டி) மாற வேண்டும். எக்செல் ஷீட்டில் நூலக ரேக்கில் உள்ள ஸ்விட்சின் 23ஆம் போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளை) நேரே "பார்க்க" என்று மட்டும் இருக்கிறது. யார் பார்க்க?

ஜூன் 10
ஷீட்டுக்கு மூன்று பதிப்புகள், மூன்றும் பொய். முதலில் ஸ்விட்சைத்தான் கேட்க வேண்டும். மேக் டேபிள், ஒரு மேக் (கருவியின் வலை அட்டை எண்) எந்த போர்ட்டில் என்று சொல்லும். கோரின் ஆர்ப் டேபிள் அந்த மேக்குக்கு எந்த ஐபி என்று சொல்லும். டிஎச்சிபி லீஸில் (ஐபியைத் தவணைக்குக் கொடுத்த பதிவு) பெரும்பாலும் கருவியின் பெயர் கிடைக்கும். இந்த வரிசை மாறினால் அரை நாள் போகும். மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்களை ஐஇஇஇ (மேக் எண்களை ஒதுக்கும் அமைப்பு) பட்டியலில் தேடினால் தயாரிப்பாளர் தெரியும்.
23இல் நான்கு மேக். எல்எல்டிபியில் (ஸ்விட்சுகள் தங்களை அறிவித்துக்கொள்ளும் முறை) பக்கத்து ஸ்விட்ச் எதுவும் தெரியவில்லை. ஆக, பின்னால் எங்கோ மேசைக்கடியில் ஒரு மலிவு ஸ்விட்ச்.

ஜூன் 11
லேபிள் கேபிளின் இரண்டு முனையிலும். ஒரு முனையில் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள்மேல் கோபம் தீரவில்லை.

ஜூன் 12, வியாழன்
ஸ்பேனிங் ட்ரீயில் (கேபிள் வளையம் உண்டாகாமல் தடுக்கும் முறை) ரூட், அதாவது மையம், யார் என்று பார்த்தால், வேதியியல் துறை அலமாரிக்குள் இருக்கும் பழைய 100 எம்பிபிஎஸ் பெட்டி! யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பிரையாரிட்டி எண் சிறியதே ரூட், எல்லா ஸ்விட்சிலும் அதே 32768. சமமானால் சிறிய மேக் ஜெயிக்கும். பழைய பெட்டிக்குத்தான் பெரும்பாலும் சிறிய எண். அதனால் துறைகளுக்கிடையே போகும் ட்ராஃபிக் அந்த அலமாரியைச் சுற்றிக்கொண்டு போகிறது.
கோருக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்பதற்கு 8192. 5000 என்று கொடுத்தால் ஏற்காது. 4096இன் மடங்குதான், மிச்சமுள்ள 12 பிட்டில் விலான் (ஒரே ஸ்விட்சில் பிரித்த தனி வலை) எண் உட்கார்ந்திருக்கிறது. பழைய முறையிலேயே விட்டால் போர்ட் திறக்க 15+15 விநாடி. அதற்குள் சில கணினிகள் ஐபி கேட்டுச் சலித்து 169.254இல் போய் நிற்கும். ரேபிட் முறைக்கு மாற்றி, பயனர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட்டும் (காத்திராமல் திறக்க) பிபிடியு கார்டும் (ஸ்பேனிங் ட்ரீ செய்தியான பிபிடியு வந்தால் போர்ட்டை மூட) சேர்த்தே போட வேண்டும்.
ஆனால் சில மலிவுப் பெட்டிகள் பிபிடியுவை விழுங்கிவிடும். அவற்றுக்குப் பின்னால் ஒரே கேபிளின் இரு முனையையும் ஒருவர் செருகினால் கார்டுக்குத் தெரியவே தெரியாது. அங்கே ஸ்டார்ம் கன்ட்ரோல் (ட்ராஃபிக் வெள்ளத்துக்கு வரம்பு) மட்டுமே துணை. 23க்குப் பின்னால் இருப்பது எந்த ரகம்?

ஜூன் 13
ஹாஸ்டல் வைஃபைக்கு /24 அளவு முகவரித் தொகுதி போதாது, 254 முகவரிதான். /22 என்றால் 1022. லீஸ் 8 நாள் வேண்டாம், 8 மணி நேரம். பாதி நேரத்தில் கருவியே புதுப்பித்துக்கொள்ளும். போன்களின் மேக்கைப் பதியும் நோட்டைக் கைவிட்டாகிவிட்டது: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி மேக் காட்டுகின்றன.
வீட்டு ரவுட்டரை லேன் போர்ட் வழியாகச் செருகும் அறை ஒன்று எப்போதும் உண்டு. மாடி முழுவதும் அதனிடமிருந்து 192.168.0 முகவரி வாங்கும். டிஎச்சிபி ஸ்னூப்பிங் (நம்பாத போர்ட்டிலிருந்து வரும் ஐபி விநியோகத்தைத் தடுப்பது) போட்டால் நிற்கும். போட்ட கையோடு யாருக்குமே ஐபி வரவில்லை என்றால், அப்லிங்கை (கோருக்குப் போகும் போர்ட்) டிரஸ்ட் செய்ய மறந்தது ஒரு காரணம். இன்னொன்று ஆப்ஷன் 82 (எந்த போர்ட்டிலிருந்து கேட்டது என்ற குறிப்பு). ஸ்னூப்பிங் அதைச் செருக, மேலே உள்ள ரிலே (கேள்வியை டிஎச்சிபி செர்வருக்குக் கடத்துவது) சந்தேகப்பட்டுக் கீழே போட்டுவிடும்.

ஜூன் 15, ஞாயிறு
மின்தடை. யுபிஎஸ் 11 நிமிடம். எழுந்த ஸ்விட்ச் தேதியை 1993 மார்ச் 1 என்கிறது.
உள்ளே கடிகார பேட்டரி இல்லை. என்டிபி (வலை வழியாக நேரம் வாங்கும் முறை) இல்லாவிட்டால் லாக் குப்பை. செர்ட்-இன் (அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும், நேரம் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 1993இல் நடந்த லாகினை யாரிடம் காட்டுவது.

ஜூன் 16
எடுரோம் (கல்வி நிறுவனங்களின் பொது வைஃபை) ரேடியஸ் (உள்நுழைவைச் சரிபார்க்கும் செர்வர்) சான்றிதழ் 30ஆம் தேதி காலாவதி. அதே சிஏ (சான்றிதழ் வழங்குபவர்), அதே செர்வர் பெயரில் புதுப்பித்தால் ஒழுங்காக அமைத்த போன்கள் முனகாது. சிஏ மாறினால் ஒவ்வொரு போனையும் திரும்ப அமைக்க வேண்டும். "சரிபார்க்க வேண்டாம்" என்று விட்ட போன் அதே பெயர் வைத்த போலி ஆக்சஸ் பாயிண்டுக்கும் கடவுச்சொல்லை நீட்டும். ஃபயர்வாலில் ரேடியஸுக்கு 1812 (உள்நுழைவு), 1813 (கணக்குப் பதிவு) யுடிபி திறக்க வேண்டும். 1813ஐ மறப்பது வழக்கம்.

ஜூன் 18
கோர் அறைக் கோப்பில் சேர்த்தவை: ஆர்எஃப்சி (இணைய விதி ஆவணம்) 2131இன் டிஎச்சிபி லீஸ் பகுதி, டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றுவது) தவறுகளுக்கு 1912, 10/8 உள்ளிட்ட உள்முகவரிகளுக்கு 1918. எல்லாம் இலவசம், எல்லாம் அச்சில். வலை படுத்தால் விக்கியும் படுக்கும். கன்சோல் கேபிள் (ஸ்விட்சோடு நேரடியாகப் பேச) கோப்போடு கட்டியிருக்கிறது. அதற்கான அமைப்பு: 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்.
டிஎன்எஸ் சோனில் (நம் பெயர்ப் பட்டியல்) சீரியல் 2025061801. ஏற்ற மறந்தால் இரண்டாம் செர்வர் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும்.
23 எந்த ஆர்எஃப்சியிலும் இல்லை.

ஜூன் 19
23இன் கேபிள் எங்கே போகிறது என்று டோனர் (கேபிளில் ஒலிக்குறி அனுப்பித் தேடும் கருவி) வைத்தால் தெரியும். உயிரோடு இருக்கும் போர்ட்டில் வைக்கக் கூடாது. பேட்ச் பேனலில் கழற்றிவிட்டுத்தான்.

ஜூன் 21, சனி
மாற்றியாயிற்று. இரவு 11 முதல் 1:50. ரூட் இப்போது கோர். ஒரு ஃபைபர் மட்டும் எழவில்லை: பச்சை முனையை நீலத்தில் செருகியிருக்கிறார்கள். பச்சை ஏபிசி சாய்வாகத் தீட்டியது, நீல யுபிசி நேராக. முகம் சேராது, ஒளி கசியும். ஜம்பர் (சிறு இணைப்புக் கேபிள்) மாற்றியதும் வந்தது.

ஜூன் 22
23ஐ மாலை 5:40க்கு ஷட் செய்து, ஷீட்டில் நேரம் எழுதியாயிற்று. இதுவரை யாரும் கூப்பிடவில்லை.